சுற்றிச் சுற்றி வருபவர்கள்

 

எல்லாப் புகழும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

ஐப்பசியையும் கார்த்திகையையும் தமிழில் கூதிர்காலம் என்பார்கள். மேல் நாடுகளில் இது இலை உதிரும் காலம். நம் சிங்கப்பூரில் இலையும் அப்படி உதிர்வதில்லை, போர்வை தேடும் குளிரும் வருவதில்லை, மழைதான் வருகிறது. தீபாவளி வியாபாரம் முடிந்து, சிராங்கூன் ரோட்டில் விளக்கலங்காரத்தையும் இறக்கிவிட்டால், தேக்காவில் அஞ்சடியில் நின்று மழையைப் பார்ப்பவர்கள்தான் மிச்சம். பிள்ளைகளுக்கு வருஷக் கடைசி விடுமுறை. வியாபாரி கணக்கைப் புரட்டவும், கொஞ்சம் யோசிக்கவும் அல்லாஹ் கொடுத்த அவகாசம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

காலத்தையும் வியாபாரத்தையும் சேர்த்துப் பேசும் ஒரு சிறிய ஸூரா குர்ஆன் ஷரீபில் உண்டு. மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடமான ஸூரத்துல் குறைஷ்தான் அது. குறைஷிகள் குளிர்காலத்தில் யமன் நாட்டுக்கும், கோடைகாலத்தில் ஷாம் நாட்டுக்கும் சரக்கேற்றிப் போய் வந்த வியாபாரிகள். அந்த இரண்டு பிரயாணங்களையும் அவர்களுக்குப் பழக்கமாக்கிக் கொடுத்தவனை வணங்கும்படி அல்லாஹ் அவர்களைப் பணிக்கிறான். எதற்காக வணங்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் காட்டுகிறான். பசித்தபோது உணவளித்தான், பயத்திலிருந்து அபயமளித்தான். பணம், பவுன், மாளிகை ஒன்றும் அங்கே பேசப்படவில்லை. உணவு ஒன்று, பயமின்மை ஒன்று. வியாபாரியின் நிஃமத்துகள் அத்தனையும் இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றன.

நம் முன்னோர்களுக்கும் இரண்டு பிரயாணங்கள் இருந்தன. பாய்க்கப்பல் காலத்தில் நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் கரைகளிலிருந்து தென்மேற்குக் காற்றில் கிழக்கே வந்தார்கள். வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். சௌத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826-ல் தோன்றியது. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா 1828-க்கும் 1830-க்கும் இடையில் கட்டப்பட்டது. அப்போது அந்தத் தெருவின் விளிம்பிலேயே கடல் இருந்தது. கரையிறங்கியவன் முதலில் கண்ட நிலம் அதுதான். கையில் முதல் சேர்வதற்கு முன்னமேயே அவர்கள் ஷுக்ருக்கு ஓர் இடம் கட்டிக்கொண்டார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அது முன்னோர்கள் காரியம். நம் காரியம் என்ன? ஷுக்ரு என்றால் அல்ஹம்துலில்லாஹ் என்று நாவால் சொல்வது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதுவும் ஷுக்ருதான், சந்தேகமில்லை. ஆனால் உணவும் அபயமும் பெற்றவன், தன் கைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதே உணவையும் அதே அபயத்தையும் கொடுக்கிறானா என்று பார்ப்பதுதான் சரியான நிறுவை. இதை ஒரு பூனையை வைத்துச் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டாம், ஹதீது கிதாபுகளில் உள்ள பூனைதான்.

அபூ கதாதா (ரலி) அவர்கள் தம் மருமகள் கப்ஷா வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா அவர்களுக்கு உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். ஒரு பூனை வந்து அந்தப் பாத்திரத்தில் வாய் வைக்க எட்டியது. அபூ கதாதா அவர்கள் விரட்டவில்லை. பூனைக்கு எட்டும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள், அது தாகம் தீரக் குடித்து முடிக்கும்வரை. மருமகள் வியப்புடன் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவர்களில் சேர்ந்தது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினார்கள். அபூ தாவூத், திர்மிதீ, முவத்தா ஆகிய கிதாபுகளில் இது இருக்கிறது. பூனை வாய் வைத்த தண்ணீரின் சட்டத்தை ஆலிம்கள் இதிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

சட்டம் இருக்கட்டும். அந்த வார்த்தையைப் பாருங்கள். அரபியில் ‘தவ்வாஃபீன்’ என்று வருகிறது; தவாஃப் என்று நாம் சொல்லுகிறோமே, அதே வேரிலிருந்து பிறந்த வார்த்தை. இதே வேர்ச்சொல் ஸூரத்துந் நூரிலும் வருகிறது. அங்கே யாரைப் பற்றி வருகிறது தெரியுமா? வீட்டில் ஊழியம் செய்பவர்களையும், பருவமடையாத பிள்ளைகளையும் பற்றி. மூன்று நேரங்களில் மட்டும் அவர்கள் அனுமதி கேட்டு உள்ளே வர வேண்டும்; மற்ற நேரங்களில் குற்றமில்லை; ஏனெனில் அவர்கள் உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவர்கள் என்று அல்லாஹ் காரணம் சொல்லுகிறான். பிள்ளையும், வேலைக்காரரும், பூனையும் ஒரே வார்த்தைக்குள் வந்துவிட்டார்கள். உங்கள் காலைச் சுற்றி வருகிறவர்கள், உங்கள் முகம் பார்த்து வயிறு நிறைகிறவர்கள், உங்களை விட்டால் போக்கிடம் இல்லாதவர்கள் என்று நான் இதற்குப் பொருள் கொள்ளுகிறேன்.

ஒரு பெண் பூனையைக் கட்டிப்போட்டு, தீனியும் கொடாமல், தானாகப் பூச்சி புழு தேடித் தின்னவும் விடாமல் சாகடித்ததால் நரகத்துக்குப் போனாள் என்ற ஹதீது எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. சோறு போடாதது மட்டும் குற்றமாகச் சொல்லப்படவில்லை. அவிழ்த்து விட்டிருந்தால் அது பிழைத்துக்கொண்டிருக்கும். பசியையும் போட்டு, கயிற்றையும் போட்டாள். குறைஷ் ஸூராவில் சொன்ன இரண்டு நிஃமத்துகளையும் ஒரு வாயில்லா ஜீவனிடமிருந்து ஒரே சமயத்தில் பறித்தாள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் தோல் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறிவந்து குடிக்கக் கொடுத்தார். புகாரி ஷரீபில் உள்ள இந்த ஹதீதில், அல்லாஹ் அவருக்கு ஷுக்ரு செய்தான், பிறகு மன்னித்தான் என்றே வார்த்தை அமைந்திருக்கிறது. அடியான் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்துவதுதான் நமக்குத் தெரியும். ஒரு நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்கு அந்த ரப்பே நன்றி பாராட்டினான் என்றால், நாம் என்ன சொல்ல முடியும்? நாய் நம் ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ்தான். நஜீஸ் என்றால் பட்ட இடத்தைக் கழுவ வேண்டும் என்பது சட்டம். கண்ட இடத்தில் கல்லால் அடிக்க வேண்டும் என்பது எந்தக் கிதாபிலும் இல்லை.

இங்கே நம் ஊர் விஷயம் ஒன்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் தடை இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், 1991-ல், அந்தப் பழுப்பு நிறச் சாக்கடைப் பூனையையே ‘குச்சிந்தா’ என்று பெயர் சூட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்கு அடையாளச் சின்னமாகக் காட்டினார்கள். ஆற்றோரத்தில் வெண்கலப் பூனை வைத்த ஊரில், வீட்டுப் பூனையைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் அந்தத் தடை நீங்கியது. ஒரு வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் எடுக்க வேண்டும், தோலுக்கடியில் அடையாளச் சில்லு வைக்க வேண்டும், வளர்ப்பவர் அதற்கான சிறு பாடத்தையும் முடிக்க வேண்டும். முன்னமே வளர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 2026 ஆகஸ்டு 31 வரை தவணை கொடுத்தார்கள். கடைக்கு லைசென்ஸ் எடுப்பதில் ஒருநாள் பிந்தாத நம்மவர்கள், பூனைக்கு எதற்கு லைசென்ஸ் என்று கேட்பதாகக் காதில் விழுகிறது. ஜன்னலில் வலையடிக்காமல் பத்தாவது மாடியில் பூனை வைத்திருப்பவர், அது விழுந்தபின் இன்னாலில்லாஹி சொல்லிப் பிரயோஜனம் என்ன? அபயம் கொடுப்பது என்றால் சில வெள்ளிக்கு வலை வாங்குவதும் சேர்ந்ததுதான்.

பழைய நாளில் அரிசிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் சாக்குகளுக்கு நடுவே ஒரு பூனை படுத்திருக்கும். எலி பிடிக்க வைத்த சம்பளமில்லாச் சிப்பந்தி அது. முதலாளி சாப்பிட உட்கார்ந்தால் மீன் தலையை ஒதுக்கி வைப்பார். அதற்குரிய கூலி என்று அவர் அறிந்திருந்தார்.

இனி, நம் தமிழ் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பிரியமாயிருந்த ஒரு நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் 5,027 விருத்தங்கள் கொண்டது; விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள். அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் என்று ஒரு படலம் உண்டு. ரபீயுல் அவ்வல் மாதத்தில் ஊரில் இதை ராகத்தோடு படித்துப் பொருள் சொல்லுவார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் கண்ணைத் துடைப்பார்கள்.

கதை இதுதான். ஒரு வேடன் வலையில் பெண்மான் ஒன்று அகப்பட்டுக் கிடக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வருகிறார்கள். மான் பேசுகிறது. நான் சாவதைப் பற்றி வருந்தவில்லை, என் கன்று பால் குடிக்காமல் கிடக்கிறது, போய்ப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்கிறது. நாயகம் அவர்கள் வேடனிடம், அதை விடு, அது திரும்பி வருவதற்கு நான் பிணை என்கிறார்கள். காட்டுக்குப் போன மிருகம் திரும்பி வருமா என்று வேடன் ஏளனம் செய்கிறான். பிறகு இசைகிறான். மான் ஓடிப்போய்த் தன் இனத்தைக் காண்கிறது, கன்றுக்குப் பால் கொடுக்கிறது. போகாதே என்று கூட்டம் தடுக்கிறது. எனக்காகப் பிணை நின்றவர்களை நான் விட்டுவிட மாட்டேன் என்று சொல்லி அது புறப்பட, கன்றும் கூடவே வந்துவிடுகிறது. ஒன்று போய் இரண்டாக வந்து நின்றதைக் கண்ட வேடன் கலிமாச் சொல்லி இஸ்லாத்தில் சேருகிறான். மான் விடுதலையாகிறது.

இந்தச் சம்பவத்தின் ஸனது பலவீனமானது என்று ஹதீதுக் கலை ஆலிம்கள் சொல்லுவார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. சட்டத்துக்கு அபூ கதாதாவின் பூனை இருக்கிறது. உள்ளம் இளகுவதற்கு உமறுப் புலவரின் மான் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காமல் இருந்தால் போதும்.

நான் வியாபாரியாகப் பார்க்கிறேன். பிணை என்ற வார்த்தை நமக்கு விளையாட்டு அல்ல. ஒருவனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும் முன் அவன் பாட்டன் வரைக்கும் விசாரிக்கிறோம். கூடப் பிறந்த காக்கா கேட்டாலும் கை நடுங்குகிறது. அப்படியிருக்க, முகவரி இல்லாத ஒரு காட்டு மிருகத்துக்குத் தம் வார்த்தையைப் பிணையாக வைத்தார்கள் என்று புலவர் பாடுகிறாரே, அதன் கனம் நமக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது. கன்றுக்குப் பசி, தாய்க்குப் பயம். இங்கேயும் அந்த இரண்டே விஷயங்கள்தாம்.

நூல் உண்டான வரலாற்றிலும் நன்றி இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இதைப் பாடும்படி உமறுவை ஊக்கியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி, அதாவது செய்கு அப்துல் காதிர் மரைக்காயர், கப்பல் வியாபாரி. அவர் காலமான பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். புலவர் நாயகத்தின் சரித்திரத்தைப் பாடிக்கொண்டு போகும்போதே இடையிடையே அபுல் காசிமை வாழ்த்திக்கொண்டு போகிறார். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாகமாட்டான் என்ற ஹதீதின் கருத்தைப் புலவர் செய்து காட்டினார். 1842-ல் செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவர் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார்.

அந்தப் புலவர் பெயர் கடல் தாண்டி இந்த ஊருக்கும் வந்தது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கார்கள் 1946-ல் தொடங்கிய பள்ளிக்கு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று; 1982-ல் மூடப்பட்டது. மறு வருஷம் அமைந்த தமிழ்மொழி நிலையத்துக்கும் அதே பெயரை வைத்தார்கள். பின்னர் அது பியாட்டி ரோட்டுக்கு வந்தது. இன்று எந்த மார்க்கத்துப் பிள்ளையும் அங்கே தமிழ் படிக்கிறது. நம் கடைகளிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் யாருடைய பெயர் என்று தெரியும்? அலமாரியின் மேல்தட்டில் துணி சுற்றி வைத்திருக்கும் புத்தகத்துக்கு மரியாதை செய்கிறோம். இறக்கிப் பிரித்துப் படிப்பதில்லை.

சுற்றி வருபவர்களில் அடுத்தவர்கள் நம் கடைச் சிப்பந்திகள். ஊரிலிருந்து பெர்மிட்டில் வந்த பிள்ளைகள். சோற்றுக்குக் குறை வைக்காத முதலாளிகளே நம்மில் அதிகம்; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு குவளை உடைந்தால், ஒரு கணக்குத் தவறினால், உடனே ‘ஊருக்கு அனுப்பிவிடுவேன்’ என்கிற வார்த்தை வருகிறது. சொல்லுகிறவர் மறு நிமிஷம் மறந்துவிடுகிறார். கேட்ட பையனுக்கு அன்று இரவு தூக்கமில்லை. ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன், தங்கை கலியாணம், எல்லாம் அவன் கண்முன் வந்து நிற்கும். வயிறு நிறைய பிரியாணி கொடுத்துவிட்டு, நெஞ்சு நிறையப் பயத்தையும் கொடுத்தால், ஒரு நிஃமத்தைக் கொடுத்து மற்றொன்றைப் பறித்ததாகத்தானே ஆகும்? தவறு செய்தவனைத் திருத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பிழைப்பின் மேல் கத்தியைத் தொங்கவிட்டுத் திருத்த வேண்டாம்.

கடைசியாக வீடு. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் சுற்றி வந்தேன்.

கடையில் வாடிக்கைக்காரர் பத்துத் தடவை விலை கேட்டாலும் சிரித்த முகத்தோடு பதில் சொல்லுகிறோம். எடுத்துப் போட்ட இருபது சேலையையும் வாங்காமல் போனாலும் ‘போய் வாங்க அக்கா’ என்கிறோம். இரவு பத்தரைக்கு வீட்டுக்குப் போனால், ஒரே தடவை ஏதோ கேட்ட பிள்ளையின் மேல் எரிந்து விழுகிறோம். பூட்டில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் வீட்டில் பேச்சு நின்றுபோகிறது. மகன் கைப்பேசியோடு அறைக்குள் போய்விடுகிறான். மகள் உம்மாவுக்குப் பின்னால் நகருகிறாள். இதை மரியாதை என்று எண்ணிச் சந்தோஷப்படுகிறவர்கள் நம்மில் உண்டு. பிள்ளைகளும் மனைவியும் வாய்திறந்து உண்மை சொல்லமாட்டார்கள். வீட்டில் பூனை இருந்தால் அதைக் கவனியுங்கள். வாப்பாவின் காலடிச் சத்தத்துக்கு அது வாசலுக்கு வருகிறதா, சோபாவுக்கு அடியில் போகிறதா? முகஸ்துதி தெரியாத சாட்சி அது.

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று அந்த அம்மா சொன்னார்கள். ஒரு ராஜ்ஜியத்தையே நடத்தியவர்களுக்கு இதற்கு நேரம் இருந்தது.

அனஸ் (ரலி) அவர்களுடைய தம்பி சிறு பிள்ளை. அபூ உமைர் என்று செல்லமாக அழைப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு சின்னக் குருவி வளர்த்தது. குருவி செத்துப்போயிற்று. நாயகம் அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது பிள்ளையின் முகம் வாடியிருப்பதைக் கண்டு விசாரித்து, அவன் பெயருக்கு எதுகையாகக் குருவியின் பெயரையும் சேர்த்து, அது என்ன ஆயிற்று என்று அவனோடு கொஞ்சிப் பேசினார்கள். இப்னுல் காஸ் என்ற ஷாஃபிஈ இமாம் இந்த ஒரு ஹதீதிலிருந்து 60 பாடங்கள் எடுத்துத் தனிக் கிதாபே எழுதினார். நமக்கு அறுபது வேண்டாம். செத்த குருவியைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்க இரண்டு நிமிஷம் நின்றார்கள் என்ற ஒன்று போதும்.

ஆகவே சகோதரர்களே, இந்த விடுமுறையில் மழை பிடித்து வியாபாரம் மந்தமாயிருக்கும் ஒரு நாளில் கடையை ஒரு மணி நேரம் முந்திச் சாத்துங்கள். போகும்போது பிள்ளைகளுக்குப் பிடித்ததை வாங்கிக்கொள்ளுங்கள். சீறாப்புராணத்தை மேல்தட்டிலிருந்து இறக்கி, மானுக்குப் பிணை நின்ற படலத்தை எடுங்கள். விருத்தம் கடினமாகத்தான் இருக்கும். உரையுள்ள பதிப்பு என்றால் நல்லது. அதுவும் இல்லையேல் கதையை உங்கள் வாயால் சொல்லுங்கள். பிள்ளைகள் பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் கேள்வி கேட்பார்கள், கோபிக்க வேண்டாம். மான் திரும்பி வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும், வேடன் அன்று இரவு எதைச் சாப்பிட்டான் என்றெல்லாம் கேட்பார்கள். அவனுக்கும் பசித்த பிள்ளைகள் இருந்திருக்குமே என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டால், நல்ல கேள்வி என்று சொல்லி, அவர்களையே பதில் யோசிக்க விடுங்கள். பூனை வளர்க்கிற வீடாயிருந்தால், படித்து முடித்ததும் அதன் தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்றும் வேலையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுங்கள்.

வஸ்ஸலாம்.